வெற்றிடத்தில் ஆறாத சூடு

மாரியாத்தாள் கோபக்காரி என்று பீளமேட்டுப் பம்புசெட் கம்பெனியில் பெயரெடுத்தது 1996-ஆம் வருஷம் மார்ச் மாதத்துக்குப் பிறகுதான். அதற்கு முந்திய பன்னிரண்டு வருஷமும் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே மேனேஜருக்குத் தெரியாது. வருவாள், தன் மேஜையில் உட்காருவாள், கம்பி சுற்றுவாள், சங்கு ஊதினால் போவாள்.

அன்னூர்ப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பனும் ஆத்தாளும் கவுண்டர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். எட்டாவது வரை உள்ளூரில் படித்தாள். ஒன்பதாவதுக்கு ஆறு மைல் நடக்க வேண்டும் என்பதால் படிப்பு அதோடு நின்றது. மில்லில் வேலை பார்த்த சின்னானுக்கு வாக்கப்பட்டு, பீளமேட்டில் ஒரு லைன் வீட்டுக்கு வந்து, எண்பத்து நாலில் வைண்டிங் செக்ஷனில் சேர்ந்தாள். மோட்டாரின் ஓட்டுக்குள் ஸ்டேட்டர் என்று ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதன் உட்புறத்துப் பள்ளங்களில் செம்புக் கம்பிச் சுருள்களைச் செருகிக் கட்டுவது அங்கிருந்த பெண்களின் வேலை. ஒரு நாளைக்கு மற்றவர்கள் ஐந்து கட்டினால் மாரியாத்தாள் ஏழு கட்டுவாள். அவள் கட்டிய ஸ்டேட்டர் ஒன்றுகூட டெஸ்டிங்கில் திரும்பி வந்ததில்லை என்பது செக்ஷனில் எல்லோருக்கும் தெரியும்.

கட்டி முடித்த ஸ்டேட்டர்கள் அடுத்த ஷெட்டுக்குப் போகும். அங்கே ஈரம் போக ஓவனில் இரண்டு மணி நேரம் நூற்றிருபது டிகிரியில் வேகும். பிறகு இரும்பு அலமாரியில் அடுக்கி, ஆள் உயர மின்விசிறியைத் திருப்பிவிட்டு, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுவார்கள். அதற்கப்புறம்தான் வேக்குவம் டேங்க். டேங்குக்குள் இறக்கி மூடியை முடுக்கி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வார்னிஷை உள்ளே விட்டால், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே மயிரிழை இடம் இல்லாமல் வார்னிஷ் ஏறிக்கொள்ளும். சூடாக இருக்கும்போது வார்னிஷ் விட்டால் அது கொதித்து நுரைத்து, மோட்டார் ஒரு கோடைக்குத் தாங்காது. டேங்கைப் பார்த்துக்கொண்டவர் ஜபருல்லா. கோட்டைமேட்டுக்காரர், பதினைந்து வருஷமாக அதே டேங்க். வார்னிஷ் விடுவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு ஸ்டேட்டரை வெளியே எடுத்து ஈரம் போய்விட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வைண்டிங்கிலிருந்து ஓர் ஆள் வரவேண்டும் என்பது வழக்கம். பெரும்பாலும் மாரியாத்தாள்தான் போவாள்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து கதிர் வந்து சேர்ந்தான். இருபத்தாறு வயது, இஞ்சினீயர், உற்பத்தியைக் கூட்டுவதற்கென்றே எடுத்த ஆள். சுறுசுறுப்பானவன், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன். மார்ச் முதல் வாரம் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். கேண்டீன் சுவரில் வேட்டியைக் கட்டி, படம் காட்டும் கருவியை வைத்து, கதிர் ஒரு மணி நேரம் பேசினான். தீயணைக்கும் கருவி, முதலுதவி எல்லாம் முடிந்து கடைசியில் விண்வெளிக்குப் போனான். கறுப்பு வானத்தில் வெள்ளை உடுப்போடு ஓர் ஆள் மிதக்கும் படம்.

"இந்த டிரஸ் எதுக்குத் தெரியுமா? அங்க மைனஸ் எரநூத்தி எழுவது டிகிரி. காத்தே இல்ல, சுத்த வேக்குவம். டிரஸ் இல்லாம ஒருத்தன் வெளிய வந்தா ஒரே செகண்டுல ஐஸ்கட்டி. தட்டுனா ஒடைஞ்சுபோவான். பாதுகாப்பு உடையோட அவசியம் அதுதான்."

மாரியாத்தாள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. எழுந்து நின்று கேட்டாள். அவ்வளவு பேர் நடுவில் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க சார், அங்க காத்தே இல்லீன்னா, ஒடம்புல இருக்கற சூடு எதுல ஏறி வெளிய போகுமுங்க? நம்ம ஸ்டேட்டரெல்லாம் காத்து வீசறதாலதானுங்களே ஆறுது?"

கதிர் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லைதான். "நீ எத்தனாவது படிச்சே மாரி?"

"எட்டுங்க சார்."

"எட்டாவதுல ஸ்பேஸ் வராதும்மா. உக்காரு."

கேண்டீனே சிரித்தது. அவளோடு ஒரே மேஜையில் சாப்பிடும் பெண்களும் சிரித்தார்கள். மாரியாத்தாள் உட்கார்ந்தாள். கேட்டதற்குப் பதில் வரவில்லை, படித்த வகுப்புக்குத்தான் பதில் வந்தது என்பது அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

விஷயம் சிரிப்போடு போயிருந்தால் அவளும் மறந்திருப்பாள். நாலாம் நாள் டேங்க் ஷெட்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. கீழே கதிரின் கையெழுத்து. 'வெற்றிடத்தில் வெப்பநிலை மிகக் குறைவு. ஆதலால் ஓவனிலிருந்து எடுத்த ஸ்டேட்டர்களை நேரடியாக டேங்கில் வைத்து இருபது நிமிடம் வேக்குவம் கொடுத்தால் தாமாகவே குளிர்ந்துவிடும். மின்விசிறி அலமாரி இனித் தேவையில்லை. மூடியில் உள்ள வெப்பநிலை டயல் நாற்பத்தைந்துக்குக் கீழ் காட்டியதும் திறக்கலாம்.' ஒரு அடுக்குக்கு அரை மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தான். அன்றே அலமாரியையும் மின்விசிறியையும் கழற்றிப் பின்பக்கம் போட்டுவிட்டார்கள்.

ஜபருல்லா படித்துவிட்டு நேராகக் கதிரிடம் போனார். "சார், டேங்குல வெச்சா சூடு அப்படியே நிக்குங்க சார். நான் பதினஞ்சு வருசமாப் பார்க்கறேன்."

"டயல் என்ன காட்டுது பாய்?"

"டயல் எப்பவுமே முப்பத்தஞ்சு, முப்பத்தாறுதாங்க காட்டும். அது மூடியோட ஒட்டிக் கெடக்குதுங்க."

"அப்ப உள்ள முப்பத்தாறுன்னுதானே அர்த்தம்? மீட்டர் பொய் சொல்லுமா?"

ஜபருல்லா திரும்பி வந்துவிட்டார். வரும்போது வைண்டிங் பக்கம் நின்று, "சூதானமா இருந்துக்க அம்மணி. இந்தப் புள்ளாண்டான் யாரையோ சுட்டுத்தான் படிப்பான்" என்று சொல்லிப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் திருப்பூரிலிருந்து நாலு டீலர்கள் கம்பெனியைச் சுற்றிப்பார்க்க வந்தார்கள். ஒர்க்ஸ் மேனேஜர் திருமலைசாமி அவர்களை அழைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். கதிர் தன் புது முறையை விளக்கினான். இருபது நிமிடம் ஆகியிருந்தது. டயல் முப்பத்தாறில் நின்றது. ஜபருல்லா காற்றை உள்ளே விட்டு மூடியைத் தூக்கினார். மாரியாத்தாளைக் கூப்பிட்டிருந்தார்கள். டேங்கின் விளிம்பில் குனிந்ததுமே அவள் முகத்தில் அனல் அடித்தது.

"சார், சூடாருக்குதுங்க."

"ஓவன் பக்கத்துலயே இருக்குல்ல, அந்தச் சூடு. டயலைப் பாரு. எடும்மா."

"கைக்கு ஏதாச்சும் குடுங்க சார்." தடித்த கையுறைகள் ஓவன் ஆட்களிடம்தான் இருந்தன, அவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வைண்டிங் பெண்களுக்குக் கையுறை என்று ஒன்று கொடுத்ததே இல்லை.

"முப்பத்தாறு டிகிரிக்கு எதுக்கு கிளவுஸ்? உன் ஒடம்பு சூடே அதைவிட ஜாஸ்தி. பெரியவங்க நிக்கறாங்க மாரி, சீக்கிரம்."

அவள் திருமலைசாமியைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு கைகளாலும் வளையத்தைப் பிடித்துத் தூக்கினாள். ஏழு கிலோ இரும்பு. முதல் கணத்தில் சூடு என்றே தெரியவில்லை, ஏதோ கடித்தது மாதிரி இருந்தது. அப்புறம்தான் உள்ளங்கை முழுக்கத் தீயானது. போட்டுவிட்டிருக்கலாம். ஆனால் அது அவளே காலையில் கட்டிய ஸ்டேட்டர். கீழே போட்டால் சுருள் நசுங்கும், ஜபருல்லாவின் கால்மேலும் விழும். மேஜை வரைக்கும் இரண்டு எட்டு நடந்து வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். எடுத்தபோது தோல் இரும்போடு போனது.

டீலர்களை அவசரமாக அடுத்த ஷெட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஜபருல்லா தன் சட்டையைக் கழற்றிக் குடிதண்ணீரில் நனைத்து அவள் கையில் சுற்றி, ஆட்டோ பிடித்து இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மூன்று வாரம் இரண்டு கையிலும் கட்டு. சின்னான் சோறு ஊட்டினான். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டான், ஆனால் பின்னத் தெரியாமல் கொண்டையும் இல்லாமல் சடையும் இல்லாமல் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவான். முகம் துடைக்க, மூக்கு சொறிய, எல்லாவற்றுக்கும் அவனைக் கூப்பிட வேண்டியிருந்தது. வலியைவிட அதுதான் அவளைக் கொன்றது. கம்பெனியிலிருந்து யாராவது வந்து என்ன ஏது என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். பத்தாம் நாள் ஆபீஸ் பியூன் வந்தான். கையில் ஒரு மெமோ.

அவளால் தாளைப் பிடிக்க முடியாததால் சின்னான் எழுத்துக் கூட்டிப் படித்தான். 'பாதுகாப்புக் கையுறை அணியாமலும், மேற்பார்வையாளரின் அனுமதி பெறாமலும், அஜாக்கிரதையாகச் சூடான பாகத்தைத் தொட்டு, தனக்கும் நிறுவனத்தின் நற்பெயருக்கும் பங்கம் விளைவித்ததற்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது.'

அவள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தரம்.

"வாங்கிக்கிட்டதுக்குக் கைநாட்டு வெச்சுக் குடுங்கக்கா," என்று பியூன் மைப்பெட்டியைத் திறந்தான். "இடது பெருவிரல் கட்டுக்கு வெளியதான இருக்குது."

"கைநாட்டா? பன்னண்டு வருசமா மஸ்டர்ல கையெழுத்துப் போட்டவ நான். என்ர கையச் சுட்டதும் அவிய, இப்ப கைநாட்டுக்காரியாக்கறதும் அவியளா? கட்டு அவுத்தப்பறம் வரச் சொல்லு. கையெழுத்துத்தான் போடுவேன்."

பியூன் பெட்டியை மூடிக்கொண்டு போனான். சின்னான் பயந்துபோனான். "உட்டுத்தள்ளு புள்ள. தப்புத்தானுங்கன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சு. வேலை நிக்குமல்லோ?"

"அவன் தொடுன்னான், தொட்டேன். சூடுன்னு சொன்னேன், இல்லீன்னான். இதுல என்ர தப்பு எங்க கெடக்குது, எடுத்துக் காட்டு பாக்கலாம்."

சின்னான் மெமோவை மடித்துப் பெட்டிக்குள் வைத்தான்.

மறுநாள் ஜபருல்லா பார்க்க வந்தார். நோட்டீஸ் போர்டிலிருந்த சுற்றறிக்கையை விபத்தன்று சாயங்காலமே கதிர் கிழித்துவிட்டானாம், புது முறையை மட்டும் நிறுத்தவில்லையாம். ஆனால் டேங்க் ஷெட்டுக்கென்று கொடுத்த பிரதி ஜபருல்லாவின் பெட்டியில் கையெழுத்தோடு பத்திரமாக இருந்தது. கூடவே அவர் தன் மகள் நிதாவின் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். பழுப்பு அட்டை போட்டிருந்தது. வெப்பம் பரவும் விதம் என்ற பாடத்தைத் திறந்து அவரே படித்தார். வெப்பம் ஒரு பொருளிலிருந்து போக மூன்று வழி. தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் வழியாக, காற்றோ தண்ணீரோ ஓடி எடுத்துப்போவதன் வழியாக, ஒளி மாதிரி வீசிப் பரவுவதன் வழியாக. வெற்றிடத்தில் முதல் இரண்டும் நடக்காது. மூன்றாவது மட்டும்தான், அதுவும் மெதுவாக. பக்கத்திலேயே பிளாஸ்கின் படம். இரண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவே காற்றை எடுத்துவிடுவதால்தான் அதில் ஊற்றிய டீ சூடாகவே இருக்கிறது என்று போட்டிருந்தது.

மாரியாத்தாள் அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் வெடித்தாள்.

"ஒம்பதாவது பொஸ்தகத்துலயே இருக்குதுங்களா அண்ணா? நான் எட்டோட நின்னவ, என்னைய எல்லாருமாச் சேர்ந்து சிரிச்சீங்க. ஒம்பதாவது தாண்டிப் பதினாறாவது வரைக்கும் போனவனுக்கு இது தெரியலியே, அவனை ஒருத்தரும் சிரிக்கலியே!"

"நான் சிரிக்கலீம்மா," என்றார் ஜபருல்லா.

"டேங்கு சரி. அந்த மைனஸ் எரநூத்தி எழுவது என்னதுங்க? அதைச் சொல்லித்தான அவன் வாயை அடைப்பான்?"

அதற்கு நிதாவின் புத்தகத்தில் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னானைக் கூட்டிக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போனாள். கையில் கட்டுள்ள பெண்ணையும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆணையும் நூலகர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிறுவர் கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியை எடுத்துக் கொடுத்தார். சின்னான் பக்கம் பக்கமாகத் திருப்ப, அவள் குனிந்து குனிந்து படித்தாள். நிலவில் வெயில் படும் இடத்தில் நூற்றிருபது டிகிரிக்குக் கிட்ட, வெயில் இல்லாத பக்கம் மைனஸ் நூற்றைம்பதுக்கும் கீழே. ஒரே கல்லில் வெயில் பட்ட முகம் பொசுங்கும், மறு முகம் உறையும். வெற்றிடத்துக்கென்று தனியாகச் சூடும் கிடையாது, குளிரும் கிடையாது. அங்கே இருக்கும் பொருளுக்குத்தான் சூடு. ஒரு பொருளை வெயிலே படாமல் வெகுகாலம் விட்டுவைத்தால் சன்னஞ்சன்னமாகச் சூட்டை வீசி இழந்து கடைசியில் போய்ச்சேரும் இடம்தான் அந்த மைனஸ் இருநூற்று எழுபது. ஒரு செகண்டில் அல்ல.

அதற்கடுத்த பக்கத்தில் ஒரு படம். விண்வெளி வீரர் ஒருவர் வெள்ளை உடுப்புக்கு உள்ளே போடும் பனியன். உடம்பெல்லாம் மெல்லிய குழாய் வைத்துத் தைத்திருந்தது. அடியில் எழுதியிருந்ததைச் சத்தமாகவே படித்தாள்: "உடலின் சூடு வெளியேற வழியில்லாததால், இக்குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடவிட்டு அதை அகற்றுகிறார்கள்."

"சத்தம் போடாதீங்கம்மா," என்றார் நூலகர்.

"சத்தம் போடாம எப்படீங்க இருக்கறது?" என்றாள் மாரியாத்தாள்.

விசாரணை ஏப்ரல் கடைசியில் நடந்தது. திருமலைசாமியின் அறை. விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். ஒரு பக்கம் கதிர், எதிரில் மாரியாத்தாள், அவளுக்குத் துணையாக ஜபருல்லா. கட்டு அவிழ்ந்திருந்தது. உள்ளங்கை இளஞ்சிவப்பாகப் பளபளத்தது, வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

வக்கீல் கேட்டார்: "மேற்பார்வையாளர் அனுமதி இல்லாம ஏம்மா தொட்டே?"

"அனுமதியா? எடும்மா, சீக்கிரம்னு சொன்னதே அவிய தானுங்க."

"நான் டயல் பாத்து எடுக்கச் சொன்னேன் சார்," என்றான் கதிர். "சூடுன்னு தெரிஞ்சிருந்தா அவங்க நிறுத்தியிருக்கணும்."

மாரியாத்தாள் எழுந்தே விட்டாள். "சொன்னேனல்லோ! சூடாருக்குதுன்னு சொன்னேனல்லோ! ஓவன் சூடுன்னீங்க. கைக்கு ஏதாச்சும் குடுங்கன்னு கேட்டேன், முப்பத்தாறுக்கு எதுக்குன்னீங்க. இவிய எல்லாம் நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தாங்க. மேனேஜர் சார், நீங்க சொல்லுங்க, கேட்டீங்களா இல்லீங்களா?"

திருமலைசாமி மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "ஏதோ பேசிக்கிட்டிருந்தீங்க."

"ஏதோ இல்லீங்க. இதுதானுங்க."

ஜபருல்லா சுற்றறிக்கையை மேஜையில் வைத்தார். வக்கீல் அதைப் படித்துவிட்டுக் கதிரைப் பார்த்தார். கதிரின் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "முறை சரிதான் சார். வேக்குவம்னா குளிர்தான், உலகம் பூரா ஒத்துக்கிட்ட விஷயம். ஸ்பேஸ்ல மைனஸ் எரநூத்தி எழுவது. அன்னைக்கு டேங்க் லீக் ஆகியிருக்கும், அதான் குளிரல."

"அங்க அத்தனை குளிருன்னா," என்று கேட்டாள் மாரியாத்தாள், "அங்க போறவிய உள்ள எதுக்குங்க சார் பச்சத்தண்ணி ஓடற பனியன் போட்டுட்டுப் போறாங்க?"

அறையில் ஒருவருக்கும் புரியவில்லை. அவள் புத்தகத்தில் பார்த்ததைச் சொன்னாள். கதிர் தான் அப்படிக் கேள்விப்பட்டதில்லை என்றான். கேள்விப்படாததை எல்லாம் இல்லையென்று சொல்லிவிடலாமா என்று அவள் கேட்டாள். வக்கீல், விண்வெளியெல்லாம் விசாரணைக்குள் வராது என்று எழுதுவதை நிறுத்தினார்.

"அப்ப விண்வெளி வேண்டாமுங்க. டேங்கு இங்கதான இருக்குது? வாங்க, வெச்சுப் பாத்துப்போடலாம். பன்னண்டு ஸ்டேட்டரை அலமாரில, பன்னண்டை டேங்குல. லீக் இருக்குதான்னு முன்னாலயே அவியளையே பாத்துக்கச் சொல்லுங்க. நாப்பது நிமிசம். பொறகு சார் தொட்டுப் பாக்கட்டும்."

"அதெல்லாம் வழக்கமில்லம்மா," என்றார் வக்கீல்.

"ஒருத்தி கையச் சுட்டுட்டு அவளுக்கே மெமோ குடுக்கறது மட்டும் வழக்கமுங்களா?"

திருமலைசாமி அன்றைக்குச் சரி என்று சொன்னதற்கு நியாய உணர்ச்சி காரணமில்லை. அந்த ஒரு மாதத்தில் புது முறையில் போன மோட்டார்களில் வார்னிஷ் நுரைத்து, டெஸ்டிங்கில் ஒதுக்கியவை ஷெட்டுக்கு வெளியே குவிந்திருந்தன. யாருடைய தப்பு என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

பின்பக்கம் கிடந்த மின்விசிறியைத் தூசி தட்டி எடுத்து வந்தார்கள். கதிர் தானே மூடியின் ரப்பர் வளையத்தைச் சோதித்துப் பம்பை ஓட்டினான். லீக் இல்லை. இருபத்து நாலு ஸ்டேட்டர்களும் ஒரே ஓவனிலிருந்து ஒரே நேரத்தில் வந்தன. நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். வைண்டிங் செக்ஷன் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள், யாரும் விரட்டவில்லை.

கண்ணாடித் தெர்மாமீட்டரைச் சுருளுக்குள் செருகிப் பார்த்தார்கள். அலமாரியில் இருந்தது நாற்பத்து மூன்று. ஜபருல்லா அதை வெறுங்கையால் தூக்கிக் காட்டினார். அப்புறம் டேங்கைத் திறந்தார். டயல் முப்பத்தாறுதான். நடு வரிசையில் இருந்த ஸ்டேட்டரில் தெர்மாமீட்டர் நூற்றியொன்று காட்டியது.

வக்கீல் இன்னொரு தரம் செருகிப் பார்க்கச் சொன்னார். நூற்றியொன்று. நூறு டிகிரிப் பொருளோடு நாற்பது நிமிடம் ஒரே டேங்குக்குள் இருந்தும் அந்த டயலுக்குத் தெரியவில்லை. வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்த மூடியைத்தான் அது இத்தனை காலம் அளந்துகொண்டிருந்தது.

"தொட்டுப் பாருங்க சார்," என்றாள் மாரியாத்தாள்.

கதிர் தொடவில்லை. யாரையும் பார்க்காமல் வெளியே போனான். அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. அது வரவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆபீஸில் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். மனிதாபிமான அடிப்படையிலும், அவளுடைய நீண்ட சேவையைக் கருத்தில் கொண்டும், இம்முறை மெமோ கைவிடப்படுகிறது. இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்.

திருமலைசாமி பேனாவைத் திறந்து நீட்டினார். "சந்தோசமா? கையெழுத்துப் போடு. நாளையிலிருந்து வேலைக்கு வா."

அவள் இரண்டு முறை படித்தாள். "இது மன்னிப்புங்களா சார்?"

"ஆமாம்மா. உன்னை மன்னிச்சாச்சு."

"நான் என்னங்க தப்புப் பண்ணுனேன், நீங்க என்னைய மன்னிக்க? சுட்டுக்கிட்டவளை மன்னிக்கறீங்க, சுட்டவியளுக்கு என்ன குடுத்தீங்க?" கடிதத்தை மேஜைமேல் திரும்ப வைத்தாள். "சுற்றறிக்கை தப்பு, மாரியாத்தாள்மேல தப்பு இல்ல. இந்த ரெண்டும் எழுதிக் குடுங்க. வாங்கிக்கறேன்."

"மெமோவே இல்லன்னு ஆனப்பறம் என்ன எழுதியிருந்தா என்னம்மா?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்கு இருக்குது."

பதினோரு நாள் அவள் கையெழுத்துப் போடவில்லை. சின்னான் சண்டை போட்டான், இரண்டு நாள் பேசாமலும் இருந்தான். வைண்டிங் பெண்கள் சிலர் வீடு தேடி வந்து, சோற்றில் மண்ணைப் போட்டுக்கொள்ளாதே என்று சொல்லிப் போனார்கள். தினமும் காலையில் சங்குக்கு முன்னால் கேட்டுக்குப் போய், "கடுதாசி வந்துருச்சுங்களா?" என்று கேட்பாள். இல்லை என்றதும் திரும்பி வருவாள். ஐந்தாம் நாளிலிருந்து ஜபருல்லா, டயலை மாற்றித் தெர்மாமீட்டரை ஸ்டேட்டரிலேயே வைத்தால்தான் டேங்கைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். எட்டாம் நாள், முன்பு கேண்டீனில் சிரித்தவர்களில் ஆறு பேர் அவருக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. முதலில் இங்கிலீஷில் கொடுத்தார்கள். அதையும் திருப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் தமிழில் தட்டச்சு அடித்து வந்தது. இரண்டே வரி. இன்ன தேதியிட்ட சுற்றறிக்கை தவறானது, ரத்து செய்யப்படுகிறது. விபத்துக்குத் தொழிலாளி மாரியாத்தாள் எவ்விதத்திலும் பொறுப்பல்ல. மடங்காத விரல்களுக்கு நடுவில் பேனாவை இடுக்கிக்கொண்டு, கோணல்மாணலாக, ஆனால் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த விரல்களால் அதற்கப்புறம் கம்பி கட்ட முடியவில்லை. இரண்டாயிரம் பள்ளத்தில் ஒன்று கூடத் தவறவிடாத கை, ஒரு முடிச்சுக்குத் திணறியது. அதற்கு எந்தக் கடிதத்திலும் ஒரு வரியும் இல்லை. டேங்க் ஷெட்டுக்கு மாற்றிக் கேட்டாள், கொடுத்தார்கள். ஜபருல்லாவிடம் ஒரே மாதத்தில் வால்வு, பம்பு எல்லாம் பழகிக்கொண்டாள். தொண்ணூற்றெட்டில் அவர் ஓய்வு பெற்றபோது டேங்க் அவள் பொறுப்புக்கு வந்தது. மூடியிலிருந்த டயலை அவள் கழற்றி எறியச் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு அடுக்கிலும் நடு ஸ்டேட்டரில் தெர்மாமீட்டர் செருகி, வைண்டிங்கிலிருந்து வரும் பெண்ணுக்குக் கையுறை கொடுத்த பிறகுதான் வேலை நடக்கும். மேனேஜரே வந்து நின்றாலும் அவசரப்பட மாட்டாள்.

கதிர் கம்பெனியிலேயே இருந்தான், கொஞ்சம் மேலேயும் போனான். ஷெட்டுக்கு வந்தால் அவள் இருக்கும் பக்கம் பார்க்காமல் பேசிவிட்டுப் போவான். ஒரு நாள் தனியாக வந்தான். அவள் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாரி, அந்தத் தண்ணி ஓடற பனியன்... அது எந்தப் புக்குல பாத்தே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷம் கழித்து அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை இதுதான். கை எப்படி இருக்கிறது என்று கூட இல்லை.

"மூடி தூக்கோணுமுங்க சார்," என்றாள். "சித்தெ தள்ளி நில்லுங்க."